நாற்காலியைச் சூடாக்கியவள்

போன வாரம் அக்காவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? கையில் கைப்பேசியோடு, சமையலறைச் சுவரில் சாய்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாளே, அங்கேதான்.

தம்பி தனி ஆளாக உட்கார்ந்து செய்த வீடியோ கேமை ‘ரகளை’ விளையாடப் போகிறான் என்று செய்தி வந்திருந்தது. கேம் விளையாடிக்கொண்டே ஓயாமல் பேசி, அதை நேரலையில் காட்டுவதுதான் ரகளைக்குத் தொழில். அவன் ஒரு கேமைக் கையில் எடுத்தால் மறுநாள் அது எல்லார் வாயிலும் இருக்கும். அப்படிப்பட்டவன் கண்காட்சிக்கு நேரில் வந்து, தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுகிறேன் என்கிறான். தலைகால் புரியாமல் குதிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் செய்தியின் கடைசி வரி அக்காவைக் கட்டிப்போட்டுவிட்டது. ‘உங்களுடைய அந்த முதல் ரசிகையைப் பற்றியும் பேசுவோம்.’

‘ஜன்னலோரம்’ என்ற பெயரில் எழுதும் அந்த முதல் ரசிகை யார்? தம்பிக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அது அக்காவேதான்.

இன்று கண்காட்சி.

காலையில் அம்மா பீரோவையே கட்டிலில் கொட்டியிருந்தாள்.

“இது பழசாத் தெரியுதாடி? இல்ல, அந்த ஊதாவைக் கட்டவா?”

“அம்மா, நாம ஸ்டால்ல வேலை பார்க்கப் போறோம். உன்னை யாரும் பொண்ணு பார்க்க வரல.”

“நான் பார்ப்பேனே? அந்தப் பொண்ணு வருவா இல்ல?”

“எந்தப் பொண்ணு?”

“அதாண்டி, ஜன்னல்.”

“ஜன்னலோரம், அம்மா” என்று உள்ளறையிலிருந்து தம்பி திருத்தினான்.

வீட்டில் அவனுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசினால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அந்தப் பூனை இன்று சீட்டியடித்துக்கொண்டே சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தது.

“கூப்பிட்டிருக்கேன். வருவாங்களான்னு தெரியல” என்றான்.

“வருவா. பேரு தெரியாம, முகம் தெரியாம, என் பிள்ளை செஞ்சதை உட்கார்ந்து ரசிச்சிருக்கா பாரு. அவ மனசு எப்படிப்பட்ட மனசா இருக்கணும்!” அம்மா ஊதாவை உதறினாள். “ஏண்டி, நீ என்ன சொல்ற?”

அக்கா பெட்டிக்குள் ஸ்டிக்கர் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதையே மறுபடி எடுத்து அடுக்கினாள்.

“எனக்கென்ன தெரியும்?” என்றாள்.

பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

கண்காட்சிக் கூடம் ரயில் பெட்டி செய்கிற பட்டறை மாதிரி நீண்டு கிடந்தது. பெரிய நிறுவனங்களின் அரங்குகள் நடுவில், ஆளுயரத் திரைகளும் அதிரும் ஒலிபெருக்கிகளுமாக. தனியாட்களாகக் கேம் செய்கிறவர்களுக்குக் கடைசி வரிசை. ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு நாற்காலி, பின்னால் ஒரு கறுப்புத் துணி. கழிவறைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். “நல்ல இடம்டா. எல்லாரும் ஒரு தடவையாவது வந்துதானே ஆகணும்” என்று அக்கா தம்பியைத் தேற்றினாள்.

கேமின் பெயர் ‘யாருடையது?’ ஒரு ரயில் நிலையம், அதில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறை. அந்த அறையில் நமக்கு உத்தியோகம். குடையைத் தொலைத்தவர், பல்செட்டைத் தொலைத்த தாத்தா, ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டு நிற்கும் கல்யாணப் பெண் என்று ஜனங்கள் வருவார்கள். அவர்கள் சொல்லும் அடையாளத்தைக் கேட்டு, கொடுப்பதா மறுப்பதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. சொல்லிக் கேட்டால் ‘இதுவும் ஒரு விளையாட்டா?’ என்று இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

அந்த உட்காரவைக்கும் வேலைதான் அக்காவுடையது.

தம்பிக்குச் செய்யத் தெரியும், காட்டத் தெரியாது. அவன் முதலில் செய்த டிரெய்லர் இருட்டில் ஆரம்பித்து, அவன் பெயர் மெல்ல எழும்பி, மெல்ல மறைந்து, அப்புறம் இன்னொரு இருட்டு. “அதுக்குள்ள பார்க்கிறவன் வேற பக்கம் போயிடுவான்டா” என்று அக்காதான் கத்தரித்தாள். முதல் காட்சியிலேயே பல்செட் தாத்தா வெறும் ஈறைக் காட்டிச் சிரித்தார். பார்த்தவர்கள் நின்றார்கள். விற்பனைப் பக்கத்தில் இருந்த மங்கலான படத்தை மாற்றியதும் அவள். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஒரே மடலைப் பிரதி எடுத்து அனுப்பாமல், யாருக்கு எது பிடிக்கும் என்று தேடிப் படித்துத் தனித்தனியாக எழுதியதும் அவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வருஷக்கணக்காக நின்று விற்கிறவள் ஆயிற்றே. முதலில் ஆளைக் கண்ணாடி முன்னால் நிறுத்து, விலையை அப்புறம் பேசு என்பது கை வந்த கலை.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வினை அங்கேதான் முளைத்தது.

காலியான கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். அதனால் கடை வெறிச்சென்று கிடக்கும்போது, வேலை பார்க்கிறவர்களில் ஒருத்தர் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலுக்குத் தெரியும் நாற்காலியில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து ஃபிரேம் மாட்டிப் பார்ப்பார். இன்னொருத்தர் “இது உங்களுக்கு எடுப்பா இருக்குங்க” என்பார். தெருவில் போகிறவர் எட்டிப் பார்ப்பார், உள்ளே வருவார். உட்கார்ந்திருந்தவர் நைசாக எழுந்து போய்விடுவார். ‘நாற்காலியைச் சூடாக்குவது’ என்று இதற்குப் பெயர். அக்கா எத்தனையோ தரம் சூடாக்கியிருக்கிறாள். ஒரு நாளும் அது மனசை உறுத்தியதில்லை.

தம்பியின் கேமுக்கு இணையத்தில் ஒரு பேச்சுப் பலகை இருந்தது. கேமின் மாதிரித் துண்டான டெமோவை விளையாடியவர்கள் அங்கே எழுதலாம். டெமோ வெளிவந்து நாள் போய்க்கொண்டே இருந்தது, பலகையில் ஈ எறும்பு இல்லை. சாப்பிடும்போது தம்பி இடது கையால் அதைத் திறப்பான். பார்ப்பான். மூடுவான். அப்புறம் தட்டில் இருப்பதை அளைந்துகொண்டே இருப்பான்.

பெற்றவள் பொறுத்துக்கொண்டாள், கூடப்பிறந்தவளால் முடியவில்லை. மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம், வருகிறவர்களுக்கு ஃபிரேம் படங்கள் காட்டும் டேப்லெட்டை எடுத்தாள். வாயில் வந்த பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். ‘மணிச் சத்தம் காதைக் குத்துகிறது. மற்றபடி, பல்செட் தாத்தாவை விட்டு வர எனக்கு மனசில்லை’ என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் பூனை தட்டை நீட்டி இரண்டாம் தரம் கேட்டது.

அப்புறமும் இரண்டொரு முறை எழுதினாள். நிஜமான ஆட்கள் வரத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டாள். ‘அந்த ரசிகைக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கேன் அக்கா’ என்று தம்பி சொன்ன நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வாடிக்கையாளர் வந்தாயிற்று, எழுந்து போயாயிற்று என்றுதான் நினைத்தாள்.

டெமோவின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் தம்பி பெயர்களைச் சேர்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. முதல் பெயர் ஜன்னலோரம். அக்கா இரண்டாவது.

தன் இடத்தைத் தானே பிடுங்கித் தனக்கே கொடுத்துக்கொண்ட திருடி உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா?

கூடத்தின் கதவு திறந்தது. ஜனங்கள் பெரிய அரங்குகளைப் பார்த்து ஓடினார்கள். கடைசி வரிசையில் காற்றுதான் வந்தது.

அக்கா பழக்க தோஷத்தில் கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி விளையாடத் தொடங்கினாள்.

தம்பி தோளைத் தொட்டான்.

“எழுந்திரு அக்கா.”

“ஏன்டா? ஆளிருக்கிற மாதிரி தெரியட்டுமே.”

“வேண்டாம். தானா வரட்டும். ஜன்னலோரம் வரல?”

அக்கா எழுந்துகொண்டாள். ஹெட்போனைத் திருப்பி வைக்கும்போது ஒயர் கையில் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது.

கொஞ்ச நேரத்தில் கழிவறைக்குப் போன ஒரு பெண் திரும்பும்போது நின்றாள். பல்செட் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். உட்கார்ந்தாள். அவள் எழுவதற்குள் பின்னால் இரண்டு பேர். அதற்கப்புறம் அந்த நாற்காலி ஆறவேயில்லை.

அம்மாதான் ஒரு பாடாகப் படுத்தினாள். தனியாக வருகிற பெண்களையெல்லாம் நிறுத்தி, “ஏம்மா, நீதான் ஜன்னலா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்லைங்கம்மா, நான் கணக்குத் தணிக்கை.”

“பரவாயில்ல, நல்லா இரு. இந்த ஸ்டிக்கரை வெச்சுக்கோ.”

“அம்மா, போதும்! வர்றவங்க பயந்து ஓடறாங்க” என்றாள் அக்கா.

“எனக்கு ஒரு தடவை அவ கையைப் பிடிச்சுக்கணும்டி. இவன் கதவைச் சாத்திக்கிட்டு ராப்பகலா உட்கார்ந்திருந்தப்ப, இதெல்லாம் ஒரு வேலையான்னு நானே திட்டியிருக்கேன். பெத்தவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?”

அக்காவின் கை அம்மாவின் கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அதை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் தாண்டி ரகளை வந்தான். நேரலையில் இடி மாதிரி பேசுகிறவன், நேரில் பார்த்தால் ஒல்லியாக, தொண்டைக்கு மாத்திரை சப்பிக்கொண்டு இருந்தான். வந்ததும் தம்பியைக் கட்டிக்கொண்டான்.

“தலைவா, அழ வெச்சிட்டீங்க. அந்த அலமாரி! யாரும் கேட்டு வராத சாமானையெல்லாம் தூக்கிப் போடாம காத்திருக்க வைக்கிறோமே, அந்த அலமாரி. சத்தியமா சொல்றேன், எங்கப்பா ஞாபகம் வந்திடுச்சு. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

“எனக்குத் தோணல. ஜன்னலோரம் சொன்னாங்க” என்றான் தம்பி.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அலமாரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எழுதியதில்லை. வெட்கத்தில் தன் யோசனையைத் தூக்கி யாருக்கோ கொடுக்கிறானா இந்தப் பைத்தியம்?

“பார்த்தீங்களா, இதான் எனக்கு வேணும்” என்று ரகளை மேஜையைத் தட்டினான். “யாரோ ஒருத்தர் சொல்றாங்க, செஞ்சவர் காது குடுத்துக் கேட்கிறார். இந்தக் கதையை இன்னைக்குச் சொன்னா ஜனங்க உங்க கேமைக் கொண்டாடிடுவாங்க. ஆனா ஒண்ணு தலைவா, தப்பா நினைக்காதீங்க. அது உங்க வீட்டு ஆள் யாரும் இல்லையே?”

“சேச்சே.”

“கேட்டுத்தான் ஆகணும். இப்படித்தான் ஒருத்தன் சொந்தக்காரங்களை விட்டே ஆஹா ஓஹோன்னு எழுத வெச்சிருந்தான். நானும் நம்பிப் புகழ்ந்து தள்ளிட்டேன். அப்புறம் விஷயம் வெளிய வந்து ஜனங்க என் மூஞ்சில துப்பாத குறை. அவனை நான் சும்மா விடல. அந்த கேம் பேரு இப்ப யாருக்கும் ஞாபகமில்ல.”

“எங்க வீட்ல அப்படிப்பட்டவங்க யாரும் இல்ல” என்றான் தம்பி. சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். பெருமையான சிரிப்பு. நமக்கு அதெல்லாம் தேவையா என்கிற சிரிப்பு.

அக்காவுக்குக் காதுக்குள் மணியடித்தது. காதைக் குத்தும் மணி.

ரகளை மேடைப் பக்கம் போனதும் அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“பூனை, இங்க வா.”

“நேரமாச்சு அக்கா. மைக் மாட்டணும்.”

“மாட்டலாம். வா.”

கறுப்புத் துணிக்குப் பின்னால் காலி அட்டைப் பெட்டிகளும் யாரோ குடித்துவிட்டு வைத்த காகிதக் கோப்பைகளும் கிடந்தன. இரண்டு பேர் நின்றால் மூச்சு இடிக்கும் இடம்.

“ஜன்னலோரம் நான்தான்டா.”

தம்பி சிரித்தான். “சரி. நான்தான் ரகளை.”

“விளையாடல. கடை டேப்லெட்ல நான்தான் கணக்கு ஆரம்பிச்சேன். நீ சாப்பிடாம உட்கார்ந்திருந்த. பார்க்க முடியல. மணிச் சத்தம் காதைக் குத்துதுன்னு எழுதினேனே, நான்தான்.”

“அது எல்லாரும் படிக்கிற பலகையில இருக்கு.”

“பல்செட் தாத்தாவை விட்டு வர மனசில்லைன்னு...”

“அதுவும் அங்கதான் இருக்கு.” சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. “சரி, எனக்குத் தனியா என்ன எழுதின? அதைச் சொல்லு.”

“தனியா நான் எதுவும் எழுதலையேடா. நீ அனுப்பினதைத் திறந்துகூடப் பார்க்கல. பயமா இருந்துச்சு.”

“ஆனா ஜன்னலோரம் எனக்கு எழுதியிருக்காங்களே. வாராவாரம்.”

“வாராவாரமா?” என்றாள் அக்கா.

தம்பி கைப்பேசியை எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தான்.

“‘யாரும் தேடி வராத பொருளையெல்லாம் பொழுது சாய்ந்ததும் குப்பையில் போடச் சொல்கிறீர்கள். என்னால் போட முடியவில்லை. கேமை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவை காத்திருக்க ஓர் அலமாரி வையுங்கள். வருகிறவர்கள் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.’ இது நீ எழுதினதா?”

“இல்ல.”

“பின்ன?”

“அதான் எனக்கும் புரியல.”

“கணக்கைத் திற. நீ ஆரம்பிச்சதுதானே? இங்கயே திற, பார்க்கலாம்.”

அக்கா தன் கைப்பேசியில் கடவுச்சொல்லைத் தட்டினாள். தவறு என்றது. அன்று அவசரத்தில் என்ன வைத்தாள் என்பது மறந்துபோயிருந்தது. தன் பிறந்த நாள், அம்மாவின் பெயர், கடையின் பெயர் என்று எதை எதையோ தட்டினாள். தவறு, தவறு. கடைசியில், பிறகு முயலவும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. திருடியிடம் திருட்டுக்குச் சாட்சி இல்லை.

தம்பி ஒரு பெருமூச்சு விட்டான்.

“ரகளை பேசினதைக் கேட்டு பயந்துட்ட. அவ்வளவுதான். ஏதாவது ஆச்சுன்னா பழியை நீ ஏத்துக்கலாம்னு இதைச் சொல்ற.”

“இல்லடா, சத்தியமா...”

“டிரெய்லர் நீ வெட்டினது. படம் நீ மாத்தினது. ரகளைக்கு எழுதி எழுதி வரவெச்சது நீ. உன்னாலதான் இவ்வளவும்னு யார் கேட்டாலும் சொல்லுவேன். ஒரே ஒருத்தர்தான், யாரும் கூப்பிடாம, யாரும் சொல்லாம, தானா வந்தாங்க.” அவன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். “அதுவும் நீயாத்தான் இருக்கணுமா அக்கா?”

பூனை அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவன் கோபமாகப் போகவில்லை. போகிற போக்கில் அவள் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போனான்.

மேடை கூடத்தின் மூலையில் இருந்தது. அம்மா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை.

அக்கா பையை எடுக்கப் போனாள்.

“உட்காராதடி. அது அந்தப் பொண்ணுக்கு.”

“அவ வரமாட்டாம்மா.”

“உனக்கெப்படித் தெரியும்?”

அக்கா நின்றுகொண்டாள்.

ரகளை தொடங்கினான். அவன் தொண்டையிலிருந்து இடி புறப்பட்டது. பல்செட் தாத்தாவிடம் தவறான பல்செட்டைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். கல்யாணப் பெண்ணிடம் “இந்தச் செருப்பு உன்னுதுன்னு நான் எப்படிம்மா நம்பறது?” என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்தான். கூடம் சிரித்தது. பின்னாலிருந்த பெரிய திரையின் ஓரத்தில், எங்கெங்கோ இருந்து பார்க்கிறவர்கள் எழுதும் வரிகள் மளமளவென்று மேலே ஓடின. ‘எப்போது வாங்கலாம்?’ ‘என் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டேன்.’ ‘நானும்.’ ‘நானும்.’ மாதக்கணக்காக அக்கா ஒவ்வொருத்தராகக் கெஞ்சிக் கேட்டது, இப்போது மழையாகக் கொட்டியது. நிமிர்ந்து நனைய அவளால் முடியவில்லை.

அலமாரி வந்தது. ரகளை பேச்சை நிறுத்திவிட்டு, யாரும் தேடி வராத ஒரு குழந்தைத் தொப்பியை எடுத்து அதில் வைத்தான். கூடம் அமைதியானது.

“தலைவா, இப்பச் சொல்லுங்க. யார் இந்த ஜன்னலோரம்?”

தம்பி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியாது. முகம் பார்த்ததில்ல. யாருமே எழுதாத நேரத்துல எழுதினாங்க. அன்னைக்கு அவங்க எழுதலைன்னா, கேமை அப்படியே மூடி வெச்சிருப்பேன்.” மைக்கைக் கிட்டே இழுத்தான். “உண்மையை மறைக்கக் கூடாது. கொஞ்சம் முன்னாடி எங்க அக்கா வந்து, அது நான்தான்னு சொன்னாங்க.”

கூடம் கொல்லென்று சிரித்தது. ரகளை சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, விளக்கு வெளிச்சத்துக்குக் கையை மறைவாக வைத்துக்கொண்டு முன்வரிசையைத் தேடினான்.

“அக்கா எங்க? நிக்கிறாங்களே, அவங்கதானே? அக்கா, நீங்களே சொல்லுங்க. அது நீங்களா?”

யாரோ ஒரு மைக்கை அவள் கையில் திணித்தார்கள். படம் பிடிக்கிறவர் அவள் பக்கம் திரும்பினார். பெரிய திரையில் அவள் முகம் வந்து நின்றது, வியர்வையோடு.

ஆமாம் என்றால், ரகளை சும்மா விடமாட்டான். தம்பியின் உழைப்பு மண்ணோடு மண்ணாகும். அதுகூடப் பரவாயில்லை. மேடையிலிருந்து தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவள் கையில் ஏதாவது பொம்மை இருந்தால் இப்படித்தான் பார்ப்பான். கேட்கமாட்டான், பிடுங்கமாட்டான், பார்ப்பான்.

“இல்ல” என்றாள் அக்கா. “நான் இல்ல. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்.”

பாதி நிஜம். மீதிப் பாதி தொண்டையைவிட்டு வரவில்லை. தம்பி கண்ணை மூடித் திறந்தான். ரகளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, ஒரு நிமிஷம் என்னைக் கொன்னுட்டீங்க!” என்று கத்தினான். கூடம் கை தட்டியது.

இனி இது அவளுடைய பொய் மட்டும் இல்லை. மேடை போட்டு, விளக்குப் போட்டு, தம்பியின் வாயாலேயே சொல்லவைத்து, ஊரறிய அவனையும் உள்ளே இழுத்துவிட்டாள்.

அப்போதுதான் அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

“ஏய், அங்க பாரு! ஜன்னல்!”

திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்திருந்தது. ரகளை உடனே அதை ஓடவிடாமல் நிறுத்திப் பெரிதாக்கினான்.

‘ஜன்னலோரம்: வர முடியவில்லை. கடையில் என்னைத் தவிர ஆளில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொப்பியை எடுத்து வைத்ததற்கு நன்றி.’

கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வாசல் நாற்காலி.

அக்கா தான் செய்ததை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். கடை டேப்லெட்டில் கணக்கைத் தொடங்கியது சரி. எழுதியது சரி. ஒரு நாளாவது அதிலிருந்து வெளியேறினாளா? கண்ணாடி பார்க்க ஆள் வந்ததும் டேப்லெட்டை அப்படியே மேஜையில் கவிழ்த்துவிட்டு ஓடினாள். அவ்வளவு நாளும் கணக்கு திறந்தேதான் கிடந்திருக்கிறது. அவள் எழுந்துபோன நாற்காலியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடையில் அவளைத் தவிர மூன்று பேர். எல்லாரையும் மிரட்டுகிற முதலாளி. கண் பரிசோதிக்கிறவர். உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிற, ஒருத்தரோடும் பேசாத பெண்மணி.

ஜனங்களை விலக்கிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்கு வந்தாள். கடை எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

ஹலோ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் தம்பியின் குரல் கேட்டது. கூடத்துக் கதவு வழியாக ஒரு முறை, மறுமுனையிலிருந்து ஒரு மூச்சு தாமதித்து இன்னொரு முறை. “ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க” என்று திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

யார் நீங்கள், எப்போதிலிருந்து, என் கணக்கை ஏன் தொட்டீர்கள், நான் எழுதியதைப் பார்த்தீர்களா, யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்க வேண்டியது வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. அக்காவின் வாயில் வந்தது வேறு.

“அந்த அலமாரி... உங்களுக்கு நிஜமாவே வேணும்னுதான் கேட்டீங்களா? இல்ல, எனக்காக எழுதினீங்களா?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“எனக்குத்தான் வேணும்” என்றது குரல்.

தினமும் மிரட்டலாகக் காதில் விழுகிற குரல்தான் அது. அழுது மட்டும் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.